இன்னைக்குத் தகுதி இருக்கா?

தலைமையேற்றுத் தலைநிமிர்ந்து அமர்ந்திருக்கும் தலைமையாசிரியை அவர்களே! எங்கள் கோரிக்கையை மேலிடம்வரை சுமந்து சென்ற கல்வி அதிகாரி அவர்களே! பள்ளியைத் தாங்கிவரும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! உண்மையிலேயே அணைத்தோமா என்று இப்போது யோசிக்கத் தொடங்கிவிட்ட தாய்மார்களே! முன்வரிசையில் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டிருக்கும் என் குட்டி எசமானர்களே! பெற்றோர் சங்கத் தலைவனாகிய இந்தத் தையல்காரனின் வணக்கம்!

அளவோடு பேசச் சொன்னார்கள். துணியென்றால் அளந்துவிடுவேன், இன்று பொங்குகிற மகிழ்ச்சியை எந்த நாடாவால் அளப்பேன்?

நேற்றுவரை இங்கே மதிய உணவு எல்லோருக்கும் இல்லை. வீட்டு வருமானம் ஒரு கோட்டுக்குக் கீழே இருந்தால் தட்டில் சோறு. கோட்டைத் தாண்டினால் வெறும் தட்டு. தகுதியுள்ள பிள்ளைக்கு மட்டுமே அரசின் நிதி!

இதோ, பல் விழுந்த வாயோடு சிரிக்கிறாளே ஒன்றாம் வகுப்பு வாலு, அவளுடைய அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் போர்வை மடித்தவர். உழைத்தார், உயர்ந்தார், மேற்பார்வையாளர் ஆனார். ஊதியம் அந்தக் கோட்டை ஒரு நூலளவு தாண்டியது. அம்மாவுக்குப் பதவி வந்தது. மகளுக்குச் சோறு போனது! கூடிய ஊதியத்தை வாடகை விழுங்கிவிட, வாலுவின் டப்பாவில் இரண்டு ரொட்டித்துண்டு. வளர்கிற பிள்ளைக்கு மடிப்பு விட்டுத் தைக்க எங்களுக்குத் தெரியும்; சட்டம் தைத்தவர்களுக்குத் தெரியாமல் போனதேன்? அதிகாரி ஐயா சிரிக்கிறார். அப்படியானால் தைரியமாக மேலே போகிறேன்.

சோறு நின்ற மறுநாள் தட்டோடு வந்து நின்றாள் வாலு. சமையல் அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "பாப்பா, உனக்குத் தகுதி இல்லம்மா."

தகுதி என்றால் என்னவென்று நினைத்தாள் தெரியுமா? ஏதோ பலகாரம் என்று நினைத்துவிட்டாள்! தீர்ந்துபோய்விட்டது என்று நினைத்துவிட்டாள்!

"பரவால்லக்கா, நாளைக்கு நிறையாப் பண்ணுங்க" என்று அக்காவுக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த நாளும் முதல் ஆளாக வந்து, "அக்கா, இன்னைக்குத் தகுதி இருக்கா?"

சிரிக்கிறீர்கள். அன்று அக்கா அழுதார். செய்தி கேட்ட தாய் நேராக என் கடைக்கு வந்தார்.

"எம்பொண்ணு தட்டப் புடுங்குற பதவி எனக்கெதுக்குண்ணே? பழைய வேலைக்கே போயிடுறேன்."

"அவசரப்படாதம்மா. நாளைக்கு அதிகாரி வர்றாரு, கேட்டுப் பாப்போம்."

அதிகாரி வந்தார். நான் எழுந்தேன். நாக்கு மட்டும் எழவில்லை! என்ன, பின்வரிசையில் நம்ப மாட்டேன் என்கிறீர்களா? இன்று அடங்க மறுக்கிற இதே நாக்குதான் ஐயா! நான் திணறிக்கொண்டிருக்க, தட்டோடு நடந்து வந்தாள் வாலு.

"சார், தகுதிய நீங்கதான் அனுப்புறீங்களாமே? எங்க ஸ்கூலுக்குப் பத்தவே மாட்டேங்குது. கொஞ்சம் நிறையா அனுப்புங்க சார்!"

அதிகாரி சிரித்தார். சிரித்தபடியே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அனுப்புறேன்மா. எல்லாருக்கும் பத்துற மாதிரி அனுப்புறேன்" என்றார். சொன்னதோடு நிற்காமல், அந்தக் கேள்வியையே மேலிடத்தில் போய்க் கேட்டார்.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கும் அரசுச் சோறா என்று அங்கே சிலர் கேட்டார்களாம். கரும்பலகையைப் பார்க்க வருமானச் சான்றிதழ் கேட்டோமா? மணியோசை கேட்க வருமானச் சான்றிதழ் கேட்டோமா? பக்கத்துத் தட்டை எட்டிப் பார்க்கிற பிள்ளைக்குப் பசியைத் தவிர வேறென்ன சான்று வேண்டும்?

வென்றோம்! பள்ளியில் சேர்ந்த பிள்ளை ஒவ்வொன்றுக்கும் நிதி. வந்த பிள்ளை ஒவ்வொன்றுக்கும் உணவு. மேற்பார்வையாளர் அம்மா மேற்பார்வையாளராகவே இருக்கிறார். எழுந்து நில்லுங்கள் தாயே, எல்லோரும் பார்க்கட்டும்!

இன்று மதியம் முதல் தட்டு வாலுவுக்கு. சோறும் பருப்பும் முட்டையும் வைத்து, "இந்தாடி, தகுதி வந்துருச்சு" என்றார் அக்கா. ஒரு வாய் சாப்பிட்டாள். முகத்தைச் சுளித்தாள்.

"இதுதானா? இது முன்னாடியே எங்கிட்ட இருந்துச்சே!"

இருந்ததம்மா! உன்னிடம் எப்போதும் இருந்தது! எங்களுக்குத்தான் தெரியவில்லை!

கேட்டவள் வாழ்க! கேட்டதைக் கொடுத்தவர்கள் வாழ்க! காது கொடுத்த உங்களுக்கு நன்றி. அடுப்பை அணைக்காதவர்கள் ஓடுங்கள். மற்றவர்கள் பந்திக்கு வாருங்கள். வணக்கம்!