பிரிக்கக் கூடாத பொட்டலம்

காபி பேஷாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஸார். ஸ்டேஷனில் இவ்வளவு நல்ல காபி கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் நானே முன்னாடி வந்திருப்பேன்.

என் பெயர் ஹாலாஸ்யம். யூனிவர்சிட்டியில் உலக மதங்களை ஒப்பிட்டு ஆராய்ச்சி செய்கிறேன். யூதர், பார்ஸி, பௌத்தர் பண்டிகையெல்லாம் எனக்கு அத்துப்படி; எங்கள் அகத்து அமாவாசைதான் மறந்துபோகும். பிறப்பு, கல்யாணம் என்று அத்தியாயங்கள் முடிந்து, சாவுச் சடங்கு ஒன்றுதான் பாக்கி. கண்ணால் பார்க்காததை எழுதாதே என்று புரொபசர் கண்டிப்பு. அதற்காகத்தான் உசிலம்பட்டிக்கு மேற்கே போய் விருமாண்டி வீட்டில் தங்கினேன்.

தங்கமான மனுஷர். ஆனால் என் துரதிர்ஷ்டம், நான் போன நேரம் ஊரில் ஒருத்தரும் சாகவில்லை. தள்ளாத கிழம்கூடக் கேப்பைக் களியை உருட்டி விழுங்கிவிட்டு ஆடு பத்திக்கொண்டு போகிறது. "என்ன சாமி, இன்னைக்கும் ஒருத்தனும் மண்டையப் போடலையா?" என்று விருமாண்டியே கேலி செய்வார். எனக்கும் சிரிப்பு வரும். மாசிக்குள் தீஸிஸ் கொடுக்காவிட்டால் லெக்சரர் வேலை வேறொருத்தனுக்குப் போய்விடும் என்று நினைத்தால் சிரிப்பு நின்றுவிடும்.

தை மாசம் விருமாண்டிக்கே வயிற்றில் வலி கண்டது, கூடவே ஜுரம். மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி பூட்டியாயிற்று. அவர் சம்சாரம் பாண்டியம்மாள், பேச்சியம்மனிடம் பூக்கேட்காமல் படியிறங்க மாட்டேன் என்றுவிட்டாள். உங்களுக்குத் தெரியாததா? வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். அம்மன் முன்னால் போட்டு ஒன்றை எடுக்கவேண்டும். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் போகக் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் கிணற்றில் போட்டுவிடவேண்டும். பிரித்தால் அம்மனைச் சந்தேகப்பட்டதாக அர்த்தம்.

பொட்டலம் கட்டவேண்டிய பூசாரி மொக்கையன் அவர்களுக்குப் பங்காளி, வரப்புத் தகராறு. "நீங்கதேன் சாமி வெளியாளு. ஓரவஞ்சனை இல்லாமக் கட்டிக் குடுங்க" என்றாள் பாண்டியம்மாள்.

கட்டிக் கொடுத்தேன். இரண்டிலும் செவ்வரளி.

விருமாண்டி அந்த வாரமே போய்விட்டார். என்ன நேர்த்தியான சடங்கு, ஸார். பிரேதத்தைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுத்து வந்த அழகும், மச்சான்மார் கோடித்துணி போர்த்திய முறையும் புஸ்தகத்தில் கிடைக்காது. பாண்டியம்மாள் மாரில் அடித்துக்கொண்டு அழுத ஒப்பாரியை ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டேன். எனக்கே அழுகை வந்துவிட்டது. நல்ல மனுஷர் அல்லவா.

புரொபசர் படித்துவிட்டு முதுகில் தட்டினார். ஒரே ஒரு குறைதான் சொன்னார்: "கல்யாணமாகாத பெண் போனால் சடங்கு வேறாமே? ஒப்பியல் ஆராய்ச்சி என்று சொல்லிவிட்டு ஒரே சாவை வைத்துக்கொண்டு எதோடு ஒப்பிடுவாய்? இன்னும் கொஞ்சம் தவணை வாங்கித் தருகிறேன்."

நியாயமான கேள்விதானே.

பங்குனியில் மறுபடி ஊருக்குப் போனேன். பாண்டியம்மாளின் மகள் செல்லக்கிளி ஜுரத்தில் அனத்திக்கொண்டிருந்தாள். "சாமி, நீங்களே கட்டிக் குடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகவான்னு ஆத்தாகிட்டக் கேட்டுப்புடுவோம்" என்றாள் தாய்க்காரி. அவளாகக் கேட்டாள், ஸார். நான் வலியப் போகவில்லை.

அவள் எடுத்த பொட்டலத்தில் சிவப்பு. மற்றதைக் கிணற்றில் போட நான் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"ஒருக்கா நம்பிப் புருசனக் குடுத்தேன் சாமி. மகளக் குடுக்க மாட்டேன். ஆத்தா கோவிச்சாக் கோவிச்சுக்கிறட்டும்" என்று சொல்லிப் பிரித்துவிட்டாள். அப்புறம் பூவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மகளைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு போனாள்.

பெண் பிழைத்துக்கொண்டாளாம். சந்தோஷம். தீஸிஸ்தான் அரைகுறையாக நிற்கிறது.

எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு தடவையும் பூக்கட்டியது நான்தான். இரண்டு தடவையும் வெள்ளைப் பூ வைக்கவில்லை. மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் பிரிக்கக் கூடாத பொட்டலத்தைப் பிரித்தது அவள், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இத்தனை மதங்களைப் படித்திருக்கிறேன், எந்தச் சாமியையும் நான் அப்படி அவமதித்தது கிடையாது, ஸார்.