நான் அலை என்று சொன்னவர்

காலையில் பொன்னேரி பஸ்ஸில் எனக்குப் பின்சீட்டில் இரண்டு பேர். ஒருவர் மீஞ்சூர் கம்பெனியில் வேலை செய்கிறவர். மற்றவர் லைட்ஹவுஸ் குப்பத்தில் கடலுக்குப் போகிற அவர் மச்சான்.

"எங்க போயிருந்தேன்னு மேனேஜர் கேட்டாரு. நான் அலைன்னு சொல்லிட்டேன்."

"இன்னாது?"

"கேன்டீன்ல தூங்கிட்டேன் மச்சான். போன வாரம் அவருதான் கிளாஸ் எடுத்தாரு. வெளிச்சம் நாம பாக்கும்போது துகளா ஒரே இடத்துல இருக்குமாம். பாக்காதப்ப அலையா எல்லா இடத்துலயும் இருக்குமாம். நல்ல லீடரும் அப்படித்தான் இருக்கணுமாம். அதையே திருப்பிச் சொன்னேன்."

"கதை புக்குலதான் ஒரே ஆளு ரெண்டு உலகத்துல இருப்பான்."

"அந்த மாதிரி கதையையும் அவருகிட்ட சேத்து சொன்னேன்."

"வேலை போச்சா?"

"இல்ல. நல்லா புரிஞ்சிக்கினன்னு கை குடுத்தாரு. அடுத்த கிளாஸ நீயே எடுன்னுட்டாரு. இன்னிக்கு மதியம்."

கம்பெனிக்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நீ டெய்லி கடல்ல கீற. அலை எப்படி வரும், எங்க வரும்னு சொல்லேன். அத வெச்சி ஓட்டிடுவேன்."

"அது தெரிஞ்சா நான் இன்னாத்துக்கு டெய்லி நனைஞ்சிக்கினு வரேன்?"