பாதிக் காலரில் அறுந்த நூல்

இந்த அவைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் வாய்த்திருக்கும் தலைவர் அவர்களே, கத்திரி பிடித்துக் காய்த்த கைகளோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோர்களே, ஊசியின் கண்ணைக் கண்மூடித் தேடிப்பிடிக்கும் தாய்மார்களே, தோழர்களே, வணக்கம்.

தையற்கலைஞர் சங்க ஆண்டுவிழாவில் அவசர சிகிச்சைப் பிரிவு டாக்டருக்கு என்ன வேலை? நானும் தைப்பவன்தான். ஆனால் என் தையலைப் பிரிப்பதற்காகத்தான் எல்லோரும் திரும்பி வருகிறார்கள்.

சிரிக்கிறீர்கள். நல்லது. இனி ஒரு கடைக்குள் போவோம்.

நீளமான அறை. ஒரே ஒரு ஜன்னல். அதையொட்டி இரண்டு மெஷின்கள். ஒன்றில் காலர் அக்கா. சட்டைக்குக் காலர் ஏற்றுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பதால் அந்தப் பெயர். அடுத்ததில் அவருடைய நாத்தனார். நடுவே வெட்டுமேசை, அதன் பின்னால் கடைக்காரர். ஒருத்திக்குக் கணவர், இன்னொருத்திக்கு அண்ணன். இருவருக்கும் நடுவில் அகப்பட்டவர்.

ஏனென்றால் அண்ணியும் நாத்தனாரும் பேசி மாதக்கணக்காகிறது. காரணம் இருவருக்கும் மறந்துவிட்டது. கோபம் மறக்கவில்லை. ஊசி வேண்டுமென்றால்கூட, "அங்க இருக்கிறவங்ககிட்ட ஊசி இருக்கான்னு கேளுங்க" என்று கடைக்காரர் வழியாகத்தான்.

அன்று முற்பகல் காலர் அக்காவுக்குத் தாடை வலித்தது. நெஞ்சு அல்ல, தாடை. பிறகு முதுகின் மேற்பகுதி. பிறகு குமட்டல். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தும் வியர்த்தது. குனிந்தே தைக்கிற உடம்பில் முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்றார் கடைக்காரர். வாயு என்று சொல்லி சோடா வாங்கி வந்தார். அங்கே என்னம்மா சிரிப்பு? ஆமாம், எல்லா வீட்டிலும் அதே சோடாதான்.

அக்கா எழுந்திருக்கவில்லை. ஏன் என்பது உங்களுக்குத் தெரியும். காலர் ஏறிக்கொண்டிருக்கும்போது பாதியில் நூலை அறுக்கலாமா? அறுத்து ஒட்டிய இடம் கழுத்துக்கு நேரே பல்லிளிக்காதா? கடைசி மூலைவரை ஒரே ஓட்டமாக ஓடுவதல்லவா உங்கள் தொழிலின் கௌரவம்? "இந்தக் காலர ஏத்திட்டு எந்திரிக்கிறேன்" என்றார். ஏற்றினார். அடுத்ததை எடுத்தார். அதற்கும் அதே வாக்கு.

அப்போது நாத்தனார் திரும்பிப் பார்த்தார். அண்ணியின் உதடு வெளுத்திருந்தது. எழுந்து வந்தார். ஊசிக்கும் துணிக்கும் நடுவே கத்திரியை விட்டு நூலை அறுத்தார்.

அடுத்தவர் தையலை அறுப்பது! உங்கள் மத்தியில் அதைவிட அவமானம் உண்டா?

"அறுத்துட்டேன். இனிமே என்னத்தத் தைப்பீங்க? எந்திரிங்க அண்ணி."

மாதக்கணக்கான மௌனத்துக்குப் பிறகு முதல் பேச்சு அதுதான்.

கடைக்காரர் பைக்கை எடுக்க ஓடினார். நாத்தனார் விடவில்லை. பைக்கின் பின்னால் மயங்கி விழுந்தால் யார் பிடிப்பது என்று கேட்டு ஆம்புலன்ஸை அழைத்தார். வந்தவர்கள் அலர்ஜி உண்டா, வயிற்றுப்புண் உண்டா என்று விசாரித்து, ஒரு மாத்திரையைக் கொடுத்து மென்று விழுங்கச் சொன்னார்கள். ரத்தம் மேலும் உறையாமல் தடுக்கும் மாத்திரை.

எங்களிடம் வந்ததும் முதல் வேலை இசிஜி. பெயர், முகவரி எல்லாம் அப்புறம். எடுத்தோம். பெரிதாக ஒன்றும் இல்லை. அக்காவின் முகத்தில் வெற்றிப் புன்னகை. "பாத்தீங்களா, வாயுதான். அங்க இருக்கிறவங்ககிட்ட சொல்லுங்க, வீட்டுக்குப் போகலாம்னு."

நான் கேட்டேன். "அக்கா, ஒரு தடவ அளவெடுத்துட்டு நேரா சட்டையக் கொடுத்துடுவீங்களா? ட்ரையல் பாக்க மாட்டீங்க?"

படுத்தே இருந்தார். தோழர்களே, முதல் இசிஜி நன்றாக இருப்பது விடுதலைப் பத்திரம் அல்ல. வலி இருக்கும்வரை திரும்ப எடுப்போம். ரத்தத்தைச் சோதிப்போம், மறுபடியும் சோதிப்போம். சற்று நேரத்தில் எடுத்த அடுத்த இசிஜியில் கோடு நிமிர்ந்து நின்றது. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் ஒரு குழாய் அடைத்துக்கொண்டிருந்தது.

அதன் பிறகு யாரும் நடக்கவில்லை, ஓடினோம். அடைத்த குழாயைத் திறக்கும் அறையின் வாசலில் நாத்தனார் நின்றார். கையில் இன்னும் கத்திரி. வைக்க மறந்திருந்தார். "நான் அவங்ககிட்ட இன்னும் சண்டைய முடிக்கல டாக்டர்" என்றார்.

குழாய் திறந்தது. உரிய நேரத்தில் வந்ததால் திறந்தது. இன்னொரு காலர் ஏறியிருந்தால்? அந்தக் கேள்வியை நான் முடிக்கப்போவதில்லை.

சில வாரம் கழித்து அக்கா கடைக்குப் போனார். மெஷினில் அதே சட்டை, பாதிக் காலரோடு. யாரையும் தொட விடவில்லையாம் நாத்தனார். அக்கா பழைய தையலைப் பிரித்தார், முதலிலிருந்து ஏற்றினார். பிறகு பக்கத்து மெஷினைப் பார்த்து நேராகவே சொன்னார்: "அறுக்கிறதையாவது ஒழுங்கா அறுக்கக் கூடாதா? துணியில வெட்டு பட்டிருக்கு பாரு."

அதோ, நான்காம் வரிசையில் இருவரும் அடுத்தடுத்து அமர்ந்திருக்கிறார்கள். இப்போதும் ஏதோ சண்டைதான் போலிருக்கிறது. போடட்டும். போடுவதற்கு இருவரும் இருக்கிறார்கள்.

நெஞ்சு இறுகினால், தாடையோ தோளோ முதுகோ காரணமின்றி வலித்தால், வியர்த்தால், மூச்சு வாங்கினால், அந்தக் காலர் காத்திருக்கட்டும். பாதித் தையலில் எழுந்திருங்கள். எழ மறுப்பவர் உங்கள் பக்கத்தில் இருந்தால், பகையாளியாகவே இருந்தாலும், நூலை அறுத்துவிடுங்கள்.

இவ்வளவு நேரம் மெஷினை நிறுத்திவிட்டு என்னைக் கேட்ட உங்களுக்கு என் நன்றியும் வணக்கமும்.