இருபதாம் நம்பர் விசா

ஆமா சார், குவைத்துக்குத்தான். நான் இல்ல, அம்மா. இதோ ஜன்னலோரம் தூங்குறாங்களே, இவங்கதான். பஸ்ல குமட்டும்னு ஸ்ரீரங்கத்துலயே மாத்திரை போட்டாங்க, காவேரிப் பாலம் வரதுக்குள்ள சாஞ்சுட்டாங்க. இன்னும் ஒரு மணி நேரத்துல ஏர்போர்ட்ல நிக்கணுமாம்.

என்னது, குடுத்து வச்சவங்களா? அந்தப் பேப்பரைக் கொஞ்சம் மடிங்க சார். பணக்கார நாடு, பொருளாதாரம் அசையாதுன்னு போட்டிருக்கான், அதானே? நானும் படிச்சேன். பிளஸ் டூ முடிச்சுட்டு சும்மாதான் இருக்கேன், கோடை பூரா போன்ல இந்த ஒரு நாட்டைத்தான் தோண்டிக்கிட்டுக் கெடக்கேன். நம்ம பக்கத்து நாலு மாவட்டத்தை ஒட்ட வச்சா அவ்ளோதான் நாடு. வருமானம் முக்காவாசிக்கு மேல எண்ணெய். எண்ணெய் வெல எறங்குனா பட்ஜெட்ல துண்டு விழுது. விழுந்தா அவங்களுக்கென்ன, பேரப்பிள்ளைங்களுக்குன்னே தனியா சேத்து வச்சிருக்காங்க. ஆனா வெயில் காலத்துல கரண்ட் கட்டு! எண்ணெய் மேலயே உக்காந்துக்கிட்டு கரண்ட் கட்டு. த்தூ.

சிரிக்காதீங்க, இன்னும் இருக்கு. கவர்மென்ட் வேலையில இருந்த வெளிநாட்டுக்காரங்களை அனுப்பிட்டு சொந்த ஆளுங்களைப் போடுறாங்க. நியாயம்தான், அவங்க நாடு. ஆனா கக்கூஸ் கழுவ, படுத்த படுக்கையா கெடக்குறவங்களைத் தூக்கி உக்கார வைக்க மட்டும் சொந்த ஆளு ஒருத்தரும் வரமாட்டாங்க. அதுக்கு எங்கம்மா.

கம்பெனி கேன்டீன்ல சமையல்னுதான் ஏஜென்ட்டு சொன்னான். விசாவைப் பாத்தா இருபதாம் நம்பர். அந்த ஊர்ல பதினெட்டுன்னா கம்பெனி வேலை, இருபதுன்னா வீட்டு வேலை. எங்கப்பா ஆசீர் இருக்காரே, அவரு என்ன பண்ணாரு தெரியுமா? தெரு பூரா, சர்ச்சுல ஃபாதர்கிட்ட கூட, எல்லாருக்கும் பதினெட்டுதான், எங்க லூர்துராணிக்கு மட்டும் ஸ்பெஷலா இருபதுன்னு பெருமையடிச்சாரு. சட்டை சைஸுன்னு நெனச்சாரு போல! பக்கத்து வீட்டு லிசி அக்கா கேக்கு வேற குடுத்தாங்க. எனக்கு ஒரு வாய் எறங்கல.

சொல்லாமயா இருப்பேன்? அப்பா கையில போனைக் குடுத்தே காமிச்சேன். கணக்குல பார்டர் பாஸு, நீ எனக்கு நம்பர் சொல்லித் தர்றியான்னாரு. ஏஜென்ட்டு ரெண்டும் ஒண்ணுதாம்மான்னு பல்லைக் காட்டுனான். அம்மாவாவது யோசிப்பாங்கன்னு பாத்தா, உன் காலேஜுக்குத்தானேடி போறேன், வாயை மூடு ஆஷ்லின்னாங்க. நான் கேட்டனா? சத்தியமா கேக்கல சார். நாலு வீட்டுக்குச் சமைச்சு இவங்க கையெல்லாம் பாருங்க, எப்படி இருக்கு. இதுல கடல் தாண்டிப் போயி வேற.

குவைத்துல அந்த வீட்டுக்காரங்க நல்லவங்களா இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம். இருபதுல போயிட்டா, பிடிக்கலன்னு சட்டுனு வேற கம்பெனிக்கு மாற முடியாது. அட, நாடு நல்லாத்தான் சார் இருக்கும், இன்னும் அம்பது வருஷம் கூட நல்லா இருக்கும். நாட்டைப் பத்தியா நான் கவலைப்படுறேன்?

அப்பாவா? பாஸ்போர்ட்டு, டிக்கெட்டு எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு ஏஜென்ட்டு பைக்ல முன்னாடியே போயிட்டாரு. அம்மாவைக் கூட்டிட்டு வர்ற வேலை மட்டும் என்கிட்ட.

ஐயோ, மெதுவா பேசுங்க சார். ஆமா, ஏர்போர்ட்டுக்கு ஜங்ஷன்லயே எறங்கி வேற பஸ்ஸு மாறியிருக்கணும். தெரியும். இது பஞ்சப்பூர் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போற பஸ்ஸு, அதுவும் தெரியும். பாத்துத்தான் ஏத்துனேன். அங்கேர்ந்து வேற பஸ்ஸுல மருங்காபுரி, எங்க பெரியம்மா வீடு. முழிச்சா ஓங்கி அறைவாங்க, அறையட்டும்.

நீங்க எழுப்பிடாதீங்க சார். பிளைட்டு போகட்டும்.