இலை ஊறிய தண்ணீர்

கத்திரி விதைத்த பாத்திக்குக் காலையில் தண்ணீர் தெளிப்பதுதான் நல்லது. எங்கள் வீட்டில் அது என் வேலை.

இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்த வருஷம், பிச்சாவரம் போகிற வழியில் இருக்கும் எங்கள் ஊருக்கு மலர்க்கொடி வந்தாள். கொழுந்தன் பழனிவேலின் பெண்டாட்டி, திருவதிகைக்காரி. அவள் விதைத்த முதல் பாத்தியே அடர்ந்து முளைத்தது.

"கைராசின்னா இதான்டி அமராவதி. நீயும்தான் இருக்கியே" என்றாள் மாமியார் தில்லையம்மாள்.

என் பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் செத்தபோதும் இவள் என் கையைத்தான் குற்றம் சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது.

அதற்கு இரண்டு வருஷம் முன்புதான் வேலிக்கு வேலிகாத்தான் முள்மரம் வைத்திருந்தோம். அதன் அடியில் அருகம்புல்கூடத் தலைகாட்டாது. ஒரு மழையில் அதன் சருகு ஊறிய தண்ணீர் என் கீரைப் பாத்தியில் தேங்கியது. போட்ட விதை ஒன்றும் முளைக்கவில்லை. பக்கத்தில் எதையும் வாழவிடாத விஷம் அந்தத் தழையிலேயே இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

தழையைப் பானையில் ஊறவைத்து, வடிகட்டி, மலர்க்கொடி விதைத்த பாத்திகளுக்கு மட்டும் தெளித்தேன். விதை மண்ணுக்குள்ளேயே மக்கியது. தப்பி முளைத்ததும் வேர் கருகி நின்றது. அடுத்த முறையும் அப்படித்தான். நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

"இந்தக் கை பட்டா எதுவும் வெளங்காது" என்று மாமியாரே சொன்னாள். நாலு பேர் முன்னால், திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மலர்க்கொடிக்குப் பெண் பிறந்தது. அவள் அதைத் தொடவே இல்லை.

"நீங்க புடிங்கக்கா. என் கை வேணாம்."

பால் கொடுக்கும்போதும் பிள்ளையை அவள் மாரோடு நான்தான் பிடித்துக்கொள்வேன். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

பிள்ளை பால் மறந்ததும் மாமியார் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். பழனிவேல் வாயைத் திறக்கவில்லை. அவனெல்லாம் ஒரு ஆம்பளை.

வண்டி ஏறுமுன் மலர்க்கொடி என்னிடம் வந்தாள். பிள்ளை என் இடுப்பில் இருந்தது.

"ஒரே ஒரு தடவ தொட்டுக்கட்டுமாக்கா?"

"வேணாம்டி. புள்ள நல்லாருக்க வேணாமா?"

கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு ஏறினாள்.

பெண் இப்போது என்னைத்தான் அம்மா என்கிறது. தண்ணீர் தெளித்தது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாத்திக்குத்தான் தெளித்தேன். தொடாதே என்று நான் வாய்விட்டுச் சொன்னது அந்த ஒரு தடவைதான், அதுவும் பிள்ளையின் நன்மைக்காக.