கள ஆதாரம்

ஒரு ஒயரை அதற்கான ஓட்டையில் செருகுவதில் மனிதர்களுக்கு அப்படி என்ன சிரமம் என்று எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. வீடியோ கேம் ஆடுகிறவர்கள் கன்ட்ரோலரைக் கையில் பிடித்தால் பத்து விரலையும் பம்பரமாய்ச் சுழற்றி ஒரு படையையே காலி செய்துவிடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் அதே விரல்களால் சார்ஜர் முனையைச் செருகச் சொன்னால் மலையைப் பெயர்க்கச் சொன்ன மாதிரி அலுத்துக்கொள்வார்கள். அந்த அலுப்பை நம்பித்தான் எங்கள் கம்பெனி நடந்தது. பதினோரு வருடம் எனக்கும் அதுதான் சோறு போட்டது. அதனால் குறை சொல்லக்கூடாது.

நிதானமாகச் சொல்லலாம் என்றீர்கள், மேடம். நான் எப்போதும் நிதானமான ஆள்தான். பெயர் அர்மாஸ் புல்க்கினென், வயது ஐம்பத்தெட்டு, பாதுகாப்புச் சோதனை என் பொறுப்பு. இங்கே ஔலு நகரத்தில் என்னைவிட ஜாக்கிரதையான இன்ஜினியர் கிடையாது என்று என் முதலாளியே சொல்வார். சொல்லும்போது அவர் முகம் மட்டும் பல்வலிக்காரன் முகம் போலிருக்கும்.

நாங்கள் செய்த பொருள் ஒரு கறுப்புத் தட்டு. கன்ட்ரோலரை அதன்மேல் வைத்தால் போதும், ஒயர் இல்லாமல் சார்ஜ் ஏறும். இதில் ஒரே ஒரு சங்கடம் உண்டு. தட்டுக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில் உலோகம் ஏதாவது மாட்டிக்கொண்டால், ஒரு நாணயமோ சாக்லேட் சுற்றிய தாளோ எதுவானாலும், அடுப்பில் வைத்த மாதிரி சூடேறும். அப்படி எதுவும் கிடந்தால் தட்டு தானாகவே கண்டுபிடித்து நின்றுவிட வேண்டும். சிவப்பு விளக்கு மினுக்க வேண்டும். அந்தக் காவலை வடிவமைத்தவன் நான்.

என் காவல் கொஞ்சம் கண்டிப்பானது. சந்தேகம் வந்தாலே நிறுத்திவிடும். ஆட உட்கார்ந்தவர்கள் கன்ட்ரோலர் உயிரில்லாமல் கிடப்பதைப் பார்த்து எரிச்சலானார்கள். விற்பனைக்கு முன்னால் நாற்பது வீடுகளுக்குத் தட்டுகளை இலவசமாகக் கொடுத்து அபிப்பிராயம் கேட்டிருந்தோம். அதில் ஒரு வீடு நீலோ ஹௌட்டலாவுடையது. அவனுக்கு முப்பத்தாறு வயது, கேம்களைப் பற்றி வீடியோ போடுகிறவன், அவன் வீடியோக்களை அறுபதாயிரம் பேர் பார்ப்பார்கள்.

அவன் எங்கள் தட்டைப் பற்றி ஒரு வீடியோ போட்டான். கேமராவில் முகம் மட்டும்தான் தெரியும். கிழவன் குரலை வரவழைத்துக்கொண்டு பேசினான்.

"ஐயையோ, தூசி விழுந்துடுச்சு. யாரும் அசையாதீங்க. ஊரைக் காலி பண்ணுங்க." அப்புறம் சொந்தக் குரலில், "இதைச் செஞ்சவர் யாரோ ஒரு பயந்தாங்கொள்ளி மாமா. சவுனா நீராவி அறைக்குள்ள குடை பிடிச்சுக்கிட்டு உட்கார்ற ஆளா இருப்பாரு."

வெள்ளிக்கிழமை காப்பி நேரத்தில் எங்கள் தயாரிப்புத் தலைவர் ஓஸ்ஸி அதைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நன்றாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை என் மேஜையில் காக்டெயில் கிளாஸில் செருகுகிற குட்டிக் காகிதக் குடை ஒன்று இருந்தது. யார் வைத்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. அதற்கப்புறம் ஒரு மாதம் என் பெயர் அலுவலகத்தில் 'மாமா'. எனக்கு அதில் எந்த மனவருத்தமும் இல்லை என்பதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஓஸ்ஸிக்கு முப்பத்தொரு வயது. கூட்டங்களைப் பீன்பை என்கிற மெத்து மூட்டையில் புதைந்தபடி நடத்துவார். ஐம்பத்தெட்டு வயதில் பீன்பையிலிருந்து எழுந்து எதிர்ப்புத் தெரிவிப்பது எவ்வளவு கடினம் என்று உங்களுக்குத் தெரியாது.

"அர்மாஸ், உங்க காவல்காரனுக்கு ஒரு தூக்க மாத்திரை கொடுங்க" என்றார்.

"கொடுத்தா தீப்பிடிக்கும்."

"எங்க பிடிச்சிருக்கு? ஒரு வீட்டைக் காட்டுங்க பாப்போம்."

"லேப்ல மூணு தடவை பிடிச்சிருக்கு."

"லேப்ல நீங்க பிடிக்க வைக்கிறீங்க. அதுக்குத்தானே உங்களுக்குச் சம்பளம். கள ஆதாரம் கொண்டுவாங்க, மாமா. ஒரே ஒரு வீடு. அன்னைக்கே மொத்தத் தட்டையும் திருப்பி வாங்கிடறேன். சத்தியம்."

நான் ஒன்பது மின்னஞ்சல் எழுதினேன். ஒவ்வொன்றிலும் வெப்ப அளவுகள், படங்கள், எச்சரிக்கை. ஒன்பதுக்கும் பதிலாக உயர்த்திய கட்டைவிரல் படம் வந்தது. என் எழுத்துநடையைப் பாராட்டினார்களோ என்னவோ. காவலைத் தூங்கவைத்து, கிறிஸ்துமஸ் விற்பனைக்கென்று பன்னிரண்டாயிரம் தட்டுகளைக் கடைகளுக்கு அனுப்பினார்கள். நாற்பது வீடுகளில் இருந்த தட்டுகளும் அதே வாரம் இணையம் வழியாக மாற்றப்பட்டன.

ஓஸ்ஸி கேட்டது ஒன்றும் அநியாயமில்லை என்று யோசிக்க யோசிக்கத் தோன்றியது. ஆதாரம் இல்லாமல் ஒரு கம்பெனி எப்படி முடிவெடுக்கும்? ஆதாரம் தானாக வரும்வரை காத்திருந்தால் அது எந்த வீட்டில், எத்தனை பேர் இருக்கும்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? குழந்தைகள் இருக்கிற வீடாக இருந்தால்? பொறுப்புள்ள ஒருவன் அதைத் தற்செயலிடம் விட்டுவிட முடியாது.

சோதனை வீடுகளுக்குப் போய்ப் பார்ப்பது என் வேலையில் அடக்கம். நவம்பர் நடுவில் ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு நீலோவின் வீட்டுக்குப் போனேன். துய்ரா பகுதியில், மூன்றாவது மாடி. மணியடித்ததும் கதவு தானாகத் திறந்தது. உள்ளே அவன் மோட்டார் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சின்ன வயதிலிருந்தே தசைகள் தேய்ந்துகொண்டு வரும் நோய். வீடியோவில் இது எதுவும் தெரிந்ததில்லை.

"வாங்க, வாங்க. ஷூவோட வரலாம்னு சொல்ல ஆசைதான். மிர்யாவுக்குத் தெரிஞ்சா என் தோலை உரிச்சிடுவா. கடைக்குப் போயிருக்கா."

மிர்யா அவனைப் பார்த்துக்கொள்ளும் பெண். காலை பத்துக்கு வருவாள். பன்னிரண்டு மணிக்கு அவனைத் தூக்கிக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டுப் போவாள். திரும்ப ஆறு மணிக்கு வருவாள். நடுவில் அவன் கட்டிலில் கிடந்தபடியே ஆடுவான். தட்டு தலைமாட்டு மேஜையில் இருந்தது.

தட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். படிவத்தில் முதல் கேள்வி அதுதான்.

"இப்ப பிரமாதம். ஒண்ணு சொல்லட்டா? இந்த விரலால பட்டனை அமுக்க முடியும். ஒயரைப் பிடிச்சுச் செருக முடியாது. முன்னெல்லாம் ரெண்டு மணிக்கே பேட்டரி போயிடும். மிர்யா வந்து செருகற வரைக்கும் நாலு மணி நேரம் சுவத்தைப் பாத்துக்கிட்டுக் கிடப்பேன். அந்தச் சுவத்துல எத்தனை விரிசல்னு கேளுங்க, சொல்றேன். இப்ப நானே வைக்கிறேன், நானே எடுக்கிறேன். யாரையும் கூப்பிட வேண்டியதில்ல. அதான் முதல்ல அது நின்னு நின்னு போனப்ப கடுப்பாயிட்டேன்."

அப்புறம் கேட்டான். "அந்தப் பழைய காவலைச் செஞ்ச மாமா யாருன்னு உங்களுக்குத் தெரியுமா? கொஞ்சம் ஓவராப் போயிட்டேன். தெரிஞ்சா ஒரு வார்த்தை சொல்லணும்."

"தெரியாது" என்றேன். அது படிவத்தில் இல்லாத கேள்வி.

ஏலக்காய் பன் இருந்தது, சாப்பிடச் சொன்னான். இரண்டு சாப்பிட்டேன். அப்புறம் கூரையைக் காட்டினான்.

"அந்தப் புகை அலாரம் நிமிஷத்துக்கு ஒரு தடவை கீச்சுங்குது. மிர்யாவுக்கு எட்டல. நீங்க நெட்டையா இருக்கீங்க, கொஞ்சம் பாருங்களேன்."

ஒரு மர நாற்காலிமேல் ஏறிப் பார்த்தேன். பேட்டரி தீர்ந்திருந்தது. எடுத்துவிட்டேன், சத்தம் நின்றது. "புதுசு அடுத்த தடவை கொண்டாறேன்" என்றேன். என் பையில் புதிய பேட்டரி ஒன்று இருந்தது உண்மைதான். நீங்கள் அதைக் கண்டுபிடித்ததில் ஆச்சரியமில்லை. அது வெப்பமானிக்காகக் கம்பெனி கொடுத்தது. கம்பெனிப் பொருளைத் தனியார் வீட்டில் விட்டுவரக்கூடாது என்று விதி இருக்கிறது. விதிகளை நான் மீறுவதில்லை.

பிறகு அவன் கன்ட்ரோலரைக் கேட்டு வாங்கி, அதன் வயிற்றில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினேன். கம்பெனிச் சின்னம் போட்ட, பளபளப்பான, மெல்லிய உலோகத் தகடு.

"இது எதுக்கு?"

"அடையாளத்துக்கு."

"மெடல் மாதிரி இருக்கு" என்று சிரித்தான். "நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு."

அதே ஸ்டிக்கர் லேபில் என்ன செய்தது என்பது என் ஆறாவது மின்னஞ்சலில் படத்தோடு இருக்கிறது. ஓஸ்ஸி அதற்கும் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார். அன்றாட நடைமுறை என்ன என்று நீலோவைக் கேட்டுப் படிவத்தை நிரப்பினேன். மத்தியானம் ஆட்டம், அப்புறம் கன்ட்ரோலரைத் தட்டில் வைத்துவிட்டுத் தூக்கம். உதவியில்லாமல் கட்டிலைவிட்டு எழ முடியாது. அதையும் எழுதினேன். சோதனை செய்பவன் எதையும் விடக்கூடாது.

அடுத்த செவ்வாய்க்கிழமை நாங்கள் அலுவலகத்தில் யாருடைய பிறந்தநாளுக்கோ கேக் வெட்டிக்கொண்டிருந்தோம். மூன்றரை மணிக்குச் செய்தி வந்தது. நீலோவின் கீழ்வீட்டுக்காரர் புகையைப் பார்த்துத் தீயணைப்புக்குச் சொல்லியிருக்கிறார். தீ பெரிதாகப் பரவவில்லை, புகைதான். தூக்கத்திலேயே முடிந்திருக்கும், அவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். அந்த வரியை நான் கேட்டு வாங்கிப் படித்தேன். கல்நெஞ்சக்காரன் அதைப் படித்திருப்பானா, சொல்லுங்கள்.

ஓஸ்ஸியின் முகம் வெளிறிப்போயிருந்தது. முதல்முறையாகப் பீன்பையில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"நீங்க சொன்னீங்க, அர்மாஸ். நீங்க சொல்லிக்கிட்டே இருந்தீங்க."

"ஒன்பது தடவை" என்றேன்.

அவர் சத்தியத்தைக் காப்பாற்றினார், அதைச் சொல்ல வேண்டும். மறுநாளே பன்னிரண்டாயிரம் தட்டுகளையும் திரும்ப வரவழைத்தார். வந்தவற்றை நானே உட்கார்ந்து சோதித்தேன். எழுபத்தொரு தட்டுகளில் சூட்டுக் கறை இருந்தது. எழுபத்தொரு வீடுகள், மேடம். அங்கே இருப்பவர்கள் இன்று உயிரோடு உட்கார்ந்து கேம் ஆடுகிறார்கள். யாருக்கும் எனக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. கேக்காவது வெட்டியிருக்கலாம்.

அரசாங்கப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு ஏன் எழுதவில்லை என்று கேட்டீர்கள். எழுதியிருக்கலாம். படிவம் இரண்டே பக்கம், பத்து நிமிட வேலை, விற்பனையைக்கூட உடனே நிறுத்திவைப்பார்கள். எழுதினால் என்ன ஆகும்? மாமா பயந்துபோய்ப் போலீசுக்கு ஓடினார் என்று இன்னொரு வீடியோ வரும். ஆதாரத்தைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள். என் வீட்டிலேயே ஒரு தட்டை வைத்து எரித்திருக்கலாமே என்றும் கேட்டீர்கள். நான் கேம் ஆடுவதில்லை. முடிவு இயற்கையாக இருந்திருக்காது.

மிர்யா உங்களிடம் சொன்னதை நீங்கள் வாசித்துக் காட்டினீர்கள். மற்ற முப்பத்தொன்பது வீடுகளில் ஸ்டிக்கர் இல்லை என்று தேடிக் கண்டுபிடித்தது அவள்தான். நல்ல சோதனையாளராக வந்திருப்பாள். அன்று நான் போன பிறகு நீலோ அவளிடம், "வந்தவர்தான் அந்த மாமான்னு நினைக்கிறேன். கூச்சப்பட்டுச் சொல்லாம போயிட்டாரு. அலாரத்தைக்கூடச் சரி பண்ணிட்டாரு, நல்ல மனுஷன். அடுத்த தடவை வரும்போது சாரி சொல்லிடறேன்" என்றானாம். அவன் என்ன நினைத்தான் என்பதற்கும் தட்டின் வெப்பத்துக்கும் சம்பந்தமில்லை. அதை வாக்குமூலத்தில் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டாவது முறையாகக் கேட்கிறேன்.

ஆக, தகட்டை ஒட்டியவன் நான். பேட்டரியை எடுத்தவன் நான். அவன் எழ முடியாத நேரத்தைக் குறித்துக்கொண்டவன் நான். நீலோ ஹௌட்டலாவைக் கொன்றவன் யார் என்று உங்கள் தாளில் காலியாக விட்டிருக்கும் இடத்தில் என் பெயரை எழுதலாம். புல்க்கினென் என்பதில் இரண்டு ககரம் உண்டு, பலபேர் தப்பாக எழுதுவார்கள்.

ஒன்றை மட்டும் நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். அந்த வீடியோவுக்காகத்தான் அவனைத் தேர்ந்தெடுத்தேன் என்கிறீர்கள். நான் தேர்ந்தெடுக்கவே இல்லை. சொந்த விருப்புவெறுப்பு கலந்துவிடக்கூடாது என்று நாற்பது பெயரையும் துண்டுச் சீட்டுகளில் எழுதி, என் கம்பளிக் குல்லாவில் போட்டுக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். அவன் பெயர்தான் வந்தது. அது வரும்வரை இருபத்து மூன்று தடவை எடுக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.