அண்ணனிடம் யார் சொல்வது?

— சிலிண்டரை அங்கேயே வை தம்பி. முதல்ல உட்காரு. ஒரு விஷயம் பேசணும்.

— மூணு மாடி தூக்கிட்டு வந்தவன் அடுப்படி வரைக்கும் வரமாட்டேனா அண்ணி? இருங்க... மூச்சு வாங்குது. உங்க லிஃப்டுக்கு எப்பதான் உயிர் வருமோ!

— உங்க அண்ணனோட எக்கோ ரிப்போர்ட்டை இப்பதான் வாங்கிட்டு வந்தேன். கிரேன் கம்பெனியில கேட்டாங்களே, அந்த இதய டெஸ்ட்.

— அதுல என்ன இருக்கப்போகுது? இதயம் கல்லு மாதிரி இருக்கும்.

— கல்லாத்தான் ஆகிட்டிருக்காம். தசை தடிச்சுப்போச்சாம் தம்பி. இதயச் சுவர் ஒரு சென்டிமீட்டர் இருந்தா சரி. இதுல ரெண்டுக்கும் மேல. உள்ளே இடம் சுருங்கி, ரத்தம் வந்து நிரம்ப வழியில்லையாம்.

— வேற யாரோட ரிப்போர்ட்டாவது மாறியிருக்கும்.

— நானும் அப்படித்தான் சண்டை போட்டேன். பேரு, வயசு எல்லாம் அவரோடதுதான். அந்த டாக்டரம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு அரைமணி நேரம் எடுத்துச் சொன்னாங்க. கடவுள் அவங்களை நல்லா வைக்கணும்.

— என்ன சொன்னாங்க?

— பாரம் தூக்கக்கூடாது, ஓடக்கூடாது. படி ஏறினா மூச்சு வாங்கும், திடீர்னு மயக்கம் வரும். சிலருக்கு... எதுவுமே காட்டாம ஒரு நொடியில நின்னுடுமாம்.

— மருந்து இருக்கா அண்ணி?

— இருக்கு. தேவைப்பட்டா நெஞ்சுக்குள்ள ஒரு சின்னக் கருவி வைப்பாங்களாம். ஒழுங்காப் பார்த்துக்கிட்டா ரொம்ப நாள் இருக்கலாம்னாங்க. அதைத்தான் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்.

— அண்ணன் எங்கே?

— கிரேன் மேலதான். அவருக்கு இன்னும் தெரியாது. அத்தனை உயரத்துல இருக்கிற மனுஷன்கிட்ட போன்ல எப்படிச் சொல்றது? இறங்கி வந்ததும் நீ பக்குவமாச் சொல்லு. நீ சொன்னா கேட்பார்.

— ம்.

— நான் சொல்றதைக் கேளு. இது ரத்த வழியில வருமாம். கூடப்பிறந்தவங்களும் டெஸ்ட் எடுத்துப் பார்க்கணும்னாங்க. நாளைக்கு லீவு போடு, நானே உன்னைக் கூட்டிட்டுப் போறேன்.

— அண்ணி...

— ஐயோ, ஏன்டா அந்த சிலிண்டரையே பார்த்துக்கிட்டிருக்கே? முகமெல்லாம் வேர்க்குதே! பயப்படாதே. கடவுள் உங்க அண்ணனைக் கைவிடமாட்டார்.

— பிரஷர் இருக்கிறது தெரிஞ்சா வேலை போயிடும்னு அண்ணன் அந்த டெஸ்டுக்குப் போகவே இல்லை அண்ணி. அவர் பேரைச் சொல்லிக்கிட்டு அங்கே போய்ப் படுத்தது நான்தான்.